பாடம் புரிகிறது, மார்க் வரவில்லை: பிளஸ் ஒன் சைக்காலஜியை எப்படிப் படிப்பது?

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார். சி.பி.எஸ்.இ. பிளஸ் ஒன்னில் சைக்காலஜி எடுத்திருக்கிறார். வெளிநாட்டில் டிகிரி படிக்கும் எண்ணம் இருப்பதால், அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்தும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) சைக்காலஜி தேர்வும் அடுத்த மே மாதம் எழுதப் போகிறார். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, ஆனால் டெஸ்ட்டில் நான்கு விடைகளில் இரண்டு சரியாகத் தோன்றுகின்றன, பெரிய கேள்விக்குப் பக்கம் நிறைய எழுதினாலும் பாதி மார்க்தான் வருகிறது என்கிறார். எப்படிப் படிப்பது, பயாலஜி எடுக்காதது குறையா, கோச்சிங் சேர வேண்டுமா என்று மூன்று கேள்விகள். புதுச்சேரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் சொல்லித்தருபவன் என்பதால், முதல் கேள்வியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிசிக்ஸில் ஒரு பக்கம் புரியவில்லை என்றால் அது உடனே தெரிந்துவிடும். சைக்காலஜியில் தெரியாது. மனிதர்களைப் பற்றி நமக்கு ஏற்கெனவே ஆயிரம் கருத்துகள் இருப்பதால், புத்தகம் எதைச் சொன்னாலும் 'ஆமாம், சரிதானே' என்று தலையாட்டிக்கொண்டே போய்விடுகிறோம். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்கிறோம். 'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்றும் சொல்கிறோம். பிறவிக்குணம்தான் எல்லாம் என்கிறது ஒன்று, சேர்க்கைதான் எல்லாம் என்கிறது மற்றொன்று. பக்கத்து வீட்டுப் பையன் கெட்டுப்போனாலும் சரி, திருந்தி வந்தாலும் சரி, இரண்டில் ஒன்று பொருந்திவிடும். நடந்து முடிந்த பிறகு எதுவும் முன்பே தெரிந்ததுபோலத் தோன்றும். இதற்கு ஹைண்ட்சைட் பயஸ் என்று உங்கள் பாடத்திலேயே பெயர் உண்டு. நீங்கள் 'புரிகிறது' என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த உணர்வுதான்.

சைக்காலஜி அந்த இடத்தில் நின்றுவிடாமல், இரண்டு பழமொழியில் எது எந்த அளவுக்குச் சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறது. பிறந்ததுமே பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர்களைத் தேடிப் பிடித்து ஒப்பிடுவது ஒரு வழி. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பூச்சார்ட் 1979 இல் தொடங்கிய ஆய்வு அப்படிப்பட்டது. தத்துப் பிள்ளைகள் பெற்றவர்களை ஒத்திருக்கிறார்களா, வளர்த்தவர்களை ஒத்திருக்கிறார்களா என்று பார்ப்பது இன்னொரு வழி. இந்த வழிகளைத் தெரிந்துகொண்டால்தான், மரபுவழிப் பங்கு இத்தனை சதவீதம் என்று புத்தகம் சொல்வது ஒரு மக்கள் கூட்டத்தில் காணும் வேறுபாடுகளைப் பற்றியது, தனி ஒருவருடைய குணத்தில் இத்தனை பங்கு அப்பா அம்மாவிடமிருந்து வந்தது என்ற கணக்கு அல்ல என்பது விளங்கும். டெஸ்ட்டில் சரியாகத் தோன்றும் அந்த 'இரண்டாவது விடை' பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

எனவே புத்தகத்தில் ஒரு கண்டுபிடிப்பைப் படித்ததும் 'இது எப்படித் தெரிந்தது?' என்று கேளுங்கள். யாரை வைத்துச் செய்தார்கள், எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், வேறு எப்படி விளக்கலாம் என்ற நான்குக்கும் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பத்தி உங்களுக்குப் புரிந்துவிட்டது. முடியவில்லை என்றால் வாசித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இப்படிப் படிக்க, ஆய்வு முறைகள் பற்றிய அத்தியாயத்தை முதலில் முடித்தாக வேண்டும். என்.சி.இ.ஆர்.டி. நூலில் இரண்டாவது அத்தியாயம் அது. வறட்சியாக இருக்கிறது என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் உண்டாவது இந்த அத்தியாயத்தில்தான்.

நம் வீடுகளில் தினம் பேசப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் கணக்கெடுத்துப் பார்த்தால், அதிக நேரம் ட்யூஷன் போகும் பிள்ளைகளுக்கு மார்க் குறைவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்யூஷனால் மார்க் குறைகிறது என்று சொல்லிவிட முடியுமா? மார்க் குறைந்ததால்தான் பெற்றோர் ட்யூஷனில் சேர்த்திருக்கலாம். அப்படியானால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. அல்லது, வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகளே ட்யூஷனுக்கும் போகிறார்கள், மார்க்கும் குறைவாக வாங்குகிறார்கள் என்று மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம். கோரிலேஷன் (இரண்டு விஷயங்கள் சேர்ந்தே கூடுவது, குறைவது) இருப்பதால் காரணம் தெரிந்துவிடாது என்ற ஒரு வரியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். எதிர்த்திசை, மூன்றாவது காரணம் என்ற இரண்டையும் குறிப்பிட்ட உதாரணத்தில் பொருத்திக் காட்டுபவர்களுக்குத்தான் முழு மார்க்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை வேண்டும். ஒன்றை நீங்களே காகிதத்தில் வடிவமைத்துப் பாருங்கள். 'பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் மனதில் நிற்குமா?' என்பது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் எல்லா வீட்டிலும் நடக்கும் சண்டை. வகுப்பில் நாற்பது பேர் என்று கொள்வோம். இருபது பேர் பாட்டோடு, இருபது பேர் அமைதியில், முப்பது சொற்களை ஐந்து நிமிடம் படிக்கிறார்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்க்காமல் எழுதுகிறார்கள். நீங்கள் மாற்றுவது பாட்டு இருக்கிறதா இல்லையா என்பதை. அது இண்டிபென்டன்ட் வேரியபிள். அளப்பது டிபென்டன்ட் வேரியபிள். இங்கே 'ஞாபக சக்தி' என்று எழுதினால் மார்க் போய்விடும். 'பத்து நிமிடத்துக்குப் பின் பார்க்காமல் சரியாக எழுதிய சொற்களின் எண்ணிக்கை' என்று எழுத வேண்டும். இன்னொருவர் அதைப் படித்துவிட்டு உங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அதே மாதிரி அளக்க முடிய வேண்டும். ஆப்பரேஷனல் டெஃபனிஷன் என்பது அதுதான்.

யார் எந்தக் குழுவுக்குப் போவது? முதல் நான்கு பெஞ்ச் ஒரு குழு, கடைசி நான்கு பெஞ்ச் ஒரு குழு என்று பிரித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இஷ்டப்பட்டவர்கள் பாட்டுக் குழுவுக்கு வரலாம் என்றால், பாட்டோடு படித்துப் பழகியவர்கள் மட்டும் அங்கே சேர்ந்துவிடுவார்கள். ஆகவே சீட்டு எழுதிக் குலுக்கிப் போட வேண்டும். அது ராண்டம் அசைன்மென்ட். புதுச்சேரியின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோர் பெயரையும் வைத்துக்கொண்டு அதிலிருந்து நாற்பது பேரைக் குலுக்கி எடுப்பது ராண்டம் சாம்பிளிங். முந்தையது காரணம் சொல்ல உதவுகிறது, பிந்தையது முடிவை மற்றவர்களுக்கும் பொருத்த உதவுகிறது. இந்த இரண்டையும் குழப்பாதவர்கள் அரிது. நீங்கள் ஒரு தடவை சீட்டைக் குலுக்கிச் செய்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

பாட்டுக் குழுவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெக்கையான அறையிலும், மற்றவர்களைக் காலையில் கம்ப்யூட்டர் லேப் ஏ.சி.யிலும் உட்கார வைத்தால், வித்தியாசம் பாட்டால் வந்ததா வெக்கையால் வந்ததா? இதுதான் கன்ஃபவுண்டிங் வேரியபிள். தமிழ்ப் பாட்டைப் போட்டுத் தமிழ்ச் சொற்களைப் படிக்கச் சொன்னால் இடையூறு செய்தது இசையா, பாட்டின் வரிகளா? அதைப் பிரித்துப் பார்க்க வெறும் வீணை இசையோடு மூன்றாவது குழு வைக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பாதியில் எழுந்து போக உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும், முடிந்ததும் எதற்காகச் செய்தோம் என்று விளக்க வேண்டும். ஒரு சின்னச் சண்டையிலிருந்து அத்தியாயத்தின் முக்கால்வாசி வந்துவிட்டது பாருங்கள்.

ஏ.பி. தேர்வுக்கு இது கூடுதல் அவசியம். 2024-25 கல்வியாண்டில் அந்தப் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்கள். ஒன்பது யூனிட்டுகள் ஐந்தாகிவிட்டன: நடத்தையின் உயிரியல் அடிப்படை, அறிதிறன், வளர்ச்சியும் கற்றலும், சமூக உளவியலும் ஆளுமையும், மன நலமும் உடல் நலமும். 75 கொள்குறிக் கேள்விகளுக்கு 90 நிமிடம். மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு. மீதிப் பங்கு, 70 நிமிடத்தில் எழுத வேண்டிய இரண்டு கேள்விகளுக்கு. முதலாவதில் ஒரு ஆய்வின் சுருக்கத்தைக் கொடுத்து, என்ன முறை, எந்த வேரியபிளை எப்படி வரையறுத்தார்கள், அந்தப் புள்ளிவிவரத்துக்கு என்ன பொருள், எந்த நெறிமுறையைப் பின்பற்றினார்கள், முடிவு யாருக்குப் பொருந்தும் என்றெல்லாம் கேட்கிறார்கள். இரண்டாவதில் மூன்று ஆய்வுச் சுருக்கங்களை வைத்து நீங்களே ஒரு கருத்தை நிலைநாட்டி, ஆதாரம் காட்டி, பாடத்தில் படித்த கருத்தோடு இணைக்க வேண்டும். வரையறைகளை உருப்போட்டவருக்கு இந்த இரண்டு கேள்விகளிலும் எழுத எதுவும் இருக்காது. இணையத்தில் கிடைக்கும் 2024 வரையிலான பழைய வினாத்தாள்கள் பழைய அமைப்பில் இருப்பவை. கொள்குறிப் பயிற்சிக்கு ஓரளவு உதவும், எழுத்துக் கேள்விக்கு 2025 முதல் வந்தவற்றை மட்டும் பாருங்கள்.

சி.பி.எஸ்.இ.யில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. கேள்வி கேட்கும் விதம் வேறு, ஆனால் அங்கேயும் ஒரு சம்பவத்தைக் கொடுத்து 'இதில் எந்தக் கருத்து வெளிப்படுகிறது?' என்று கேட்பது கூடிக்கொண்டே போகிறது. உங்கள் திட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏ.பி.யில் வரும் ஆளுமை, மனநலக் கோளாறுகள், சிகிச்சை, சமூக உளவியல் ஆகியவை சி.பி.எஸ்.இ.யில் பிளஸ் டூவில்தான் வருகின்றன. மே மாதத்துக்குள் பிளஸ் டூ நூலையும் நீங்களாகவே படித்து முடிக்க வேண்டியிருக்கும். அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்தது, இரண்டு விடை சரியாகத் தோன்றும் பிரச்சினை. கற்றல் அத்தியாயத்தில்தான் இது மிக அதிகம். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் நீங்கள் கட்டாயம் பார்த்திருக்கக்கூடிய ஒரு காட்சி. மூன்று வயதுக் குழந்தை போனுக்காக அழுகிறது. அம்மா 'சும்மா இருடா கண்ணு' என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், கடைசியில் பையைத் திறந்து போனைக் கொடுத்துவிடுகிறார். அழுகை நின்றுவிடுகிறது.

குழந்தையின் பக்கம்: அழுதது, பிடித்த பொருள் கிடைத்தது, அடுத்த முறை அழுகை கூடும். இது பாசிடிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். அம்மாவின் பக்கம்: போனைக் கொடுத்தார், காதைக் கிழித்த அழுகை நீங்கியது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கொடுப்பார். இது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். 'நெகட்டிவ்' என்று பார்த்ததும் தண்டனை என்று டிக் அடிப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா! ஒரு நடத்தை கூடுகிறதா குறைகிறதா என்பதை முதலில் பாருங்கள். கூடினால் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், குறைந்தால் பனிஷ்மென்ட். அதற்குப் பிறகு, ஏதாவது சேர்ந்ததா நீங்கியதா என்று பாருங்கள். சேர்ந்தால் பாசிடிவ், நீங்கினால் நெகட்டிவ். இந்த வரிசையில் கேட்டால் தப்பே வராது. 'யாருடைய நடத்தை?' என்பதையும் கேள்வித்தாளில் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே காட்சியில் இரண்டு பேருக்கு இரண்டு பதில்.

அதே பஸ்ஸில் இன்னும் இருக்கிறது. அம்மா சில நாள் கொடுக்கிறார், சில நாள் கறாராக மறுக்கிறார். எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் குழந்தை விடாமல் அழும். விட்டு விட்டுக் கிடைக்கும் வெகுமதியால் ஊன்றிய பழக்கம் எளிதில் மறையாது என்று ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டியது இதைத்தான். இனி கொடுப்பதே இல்லை என்று அம்மா முடிவெடுத்தால், முதல் சில நாள் அழுகை முன்னைவிட அதிகமாகும், பிறகுதான் தணியும். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே குழந்தையின் முகம் மலர்கிறது என்றால் அது பாவ்லோவின் கிளாசிக்கல் கண்டிஷனிங்: சத்தத்துக்குத் தன்னளவில் எந்த அர்த்தமும் இல்லை, போனோடு சேர்ந்து சேர்ந்து வந்ததால் அர்த்தம் பெற்றது. பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கும் அக்கா, வீட்டுக்குப் போய்த் தானும் அழுது பார்த்தால், அது பார்த்துக் கற்பது. பண்டூரா 1961 இல் பொம்மையை அடிக்கும் பெரியவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சோதித்தது அது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நீங்கள் நேரில் பார்த்த ஒரு காட்சியை இப்படி எடுத்து, அதற்குள் எத்தனை கருத்து இருக்கிறது என்று தோண்டுங்கள். கருத்துக்கு ஒரு உதாரணம் என்று பட்டியல் போடுவதைவிட இது பல மடங்கு பயன்படும், காரணம் தேர்வும் காட்சியைக் கொடுத்துத்தான் கருத்தைக் கேட்கிறது.

புலன் உணர்வு அத்தியாயத்துக்குப் பெரிய மார்க்கெட்டில் மீன் பகுதிக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றாலே போதும். நுழையும்போது அடித்த வாடை கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போகும். சென்சரி அடாப்டேஷன் பிறகு மறக்காது.

நினைவாற்றல் அத்தியாயம் இரட்டை லாபம் தருவது. அதைப் படித்தால் எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006 இல் செய்த ஆய்வைப் பாருங்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள், மறு சாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னணி: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம், மறுபடி படித்தவர்கள் 42 தான். படித்து முடித்த கையோடு 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவதும், அடுத்த வாரம் டெஸ்ட்டில் கை நிற்பதும் ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆகவே மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்கக் கோடு போடுவதை நிறுத்துங்கள். ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவிருப்பதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு மையில் சேருங்கள். மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை அதையே செய்யுங்கள். எப்பிங்ஹாஸ் 1885 லேயே அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடப்பதைக் கண்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட மேல் என்பதும் அவர் காலத்திலிருந்து திரும்பத் திரும்ப உறுதியானது. பழைய அத்தியாயக் கேள்விகளைப் புதியதோடு கலந்து போட்டுக்கொள்ளுங்கள். கற்றல் அத்தியாயக் கேள்வி என்று தெரிந்துகொண்டு விடை சொல்வது எளிது, எந்த அத்தியாயம் என்றே தெரியாமல் சொல்வதுதான் தேர்வு.

அதே அத்தியாயத்துக்கு உங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் இரவு உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வெள்ளம் வீட்டுக்குள் வந்த இரவு. அப்பா, அம்மா, பாட்டி, தம்பி எல்லோரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: கரண்ட் எப்போது போனது, அப்போது யார் யார் வீட்டில் இருந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள், மழை எப்போது விட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் எவ்வளவு உறுதி என்று ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு எண் போடச் சொல்லுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய அதிர்ச்சிகள் படம் பிடித்ததுபோல் மனதில் பதிகின்றன என்ற கருத்தை பிரவுன், குலிக் இருவரும் 1977 இல் முன்வைத்தார்கள். டலரிக்கோ, ரூபின் இருவரும் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய நினைவுகளை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2003 இல் வெளியிட்டது வேறு மாதிரி: அந்த நினைவும் சாதாரண நாளின் நினைவைப் போலவே மாறிக்கொண்டே போகிறது, உறுதி மட்டும் குறைவதில்லை. உங்கள் வீட்டுக் காகிதங்களில் 'ஏழு' போட்ட இரண்டு பேர் ஒன்றுக்கொன்று முரணாக எழுதியிருந்தால், இந்த ஆய்வு உங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

எழுதும் விதத்துக்கு வருகிறேன். 'பயத்தைக் கற்றுக்கொள்ள முடியுமா?' என்ற கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் எழுதுவது: 'பயம் கற்றுக்கொள்ளப்படுவது என்பதை வாட்சன் நிரூபித்தார். குழந்தைகள் சூழலிலிருந்து பயத்தைக் கற்கின்றன.' இதற்குப் பாதி மார்க்தான் கிடைக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: '1920 இல் வாட்சனும் ரேனரும் ஆல்பர்ட் என்ற கைக்குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் இரும்புக் கம்பியில் சுத்தியலால் அடித்துப் பெருஞ்சத்தம் எழுப்பினார்கள். முதலில் எலிக்குப் பயப்படாத குழந்தை பிறகு எலியைக் கண்டதுமே அழுதது. முயலுக்கும் ரோமக் கோட்டுக்கும்கூட அந்தப் பயம் பரவியது. பயம் கண்டிஷனிங் வழியாக உருவாகலாம் என்பதை இது ஆதரிக்கிறது. ஆனால் ஒரே குழந்தை, ஒப்பிட வேறு குழு இல்லை, உண்டாக்கிய பயத்தை நீக்காமலே விட்டார்கள் என்பதால் பொதுமைப்படுத்தவும் நெறிமுறைப்படி ஏற்கவும் முடியாது.' யார், என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள், எதுவரை பொருந்தும் என்ற நான்கும் இதில் இருக்கிறது.

'நிரூபித்தார்' என்ற சொல்லை இந்தப் பாடத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று என் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன். இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொல்லி, மனிதர்கள் எதுவரை கீழ்ப்படிகிறார்கள் என்று சோதித்து மில்கிராம் 1963 இல் வெளியிட்ட ஆய்வில் 40 ஆண்களில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். திகைக்க வைக்கும் எண்ணிக்கைதான். மீதி 14 பேர் மறுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அந்த 14 பேரும் ஆய்வின் பகுதிதான். 2015 இல் ஆய்வாளர்கள் பலர் கூடி, வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் பழைய முடிவு புள்ளியியல் ரீதியாக மீண்டும் கிடைத்தது. இதைக் கேட்டு இந்தப் பாடமே சரியில்லை என்று நினைக்க வேண்டாம். தன் முடிவுகளைத் தானே சோதித்துப் பார்த்து, தவறியவற்றை வெளிப்படையாகச் சொல்லும் துறை இது. எனக்கு இதன் மேல் இருக்கும் மரியாதைக்கு அதுவே முதல் காரணம்.

'எதுவரை பொருந்தும்' என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு அனுகூலம் உண்டு. புத்தகத்தில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய மக்களிடம், அதிலும் கல்லூரி மாணவர்களிடம் செய்யப்பட்டவை. ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் மூவரும் 2010 இல் இதைப் பெரிய விவாதமாக்கினார்கள். அம்மா அறையை விட்டுப் போனால் குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் மேரி ஐன்ஸ்வொர்த்தின் சோதனையை, ஆயா, அத்தை, சித்தி என்று நான்கு மடி மாறி வளரும் நம் ஊர்க் குழந்தையிடம் செய்தால் நடத்தையை அதே மாதிரி அர்த்தப்படுத்தலாமா? இது தேர்வில் எழுதத்தக்க, மார்க் தரும் கேள்வி. எங்கே பொருந்தாமல் போகலாம், ஏன், எப்படிச் சோதிக்கலாம் என்று எழுத வேண்டும், 'நம் கலாச்சாரம் வேறு' என்று முடித்துவிடக் கூடாது.

மனநலக் கோளாறுகள் அத்தியாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் படிக்கும் நாட்களில் எல்லா நோயும் தனக்கு இருப்பதாகத் தோன்றும். மருத்துவ மாணவர்களுக்கும் நேர்வது இது. வீட்டில் உள்ளவர்களுக்கு நோய்ப் பெயர் சூட்டவும் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். கையை இரண்டு முறை கழுவுபவரை ஓ.சி.டி. என்று கேலி பேசும் வகுப்பறையில், உண்மையிலேயே அந்த வேதனையோடு ஒரு பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். வழக்கத்திலிருந்து விலகல், வேதனை, அன்றாட வாழ்க்கை முடங்குதல், ஆபத்து என்ற அளவுகோல்களைப் பொருத்தித்தான், அதுவும் பயிற்சி பெற்றவர்தான், முடிவு சொல்ல முடியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்தது பக்கத்தில் தமிழ்நாட்டில் நடந்தது. இந்த அத்தியாயத்தை மார்க்குக்காக மட்டும் படிக்க என்னால் முடிவதில்லை, உங்களாலும் முடியாது என்று நினைக்கிறேன். படிக்கும்போது உங்களுக்கே மனது கனத்தால் அம்மாவிடமோ ஆசிரியரிடமோ பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இரண்டாவது கேள்வி, பயாலஜி. குறை இல்லை, ஆனால் வேலை உண்டு. இப்போதைய என்.சி.இ.ஆர்.டி. பிளஸ் ஒன் நூலில் மூளையும் நரம்பும் பற்றித் தனி அத்தியாயம் கிடையாது, நீக்கிவிட்டார்கள். ஏ.பி.யிலோ அது ஐந்தில் ஒரு முழு யூனிட். ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் உளவியல் நூலின் அந்த அத்தியாயம் போதும். நியூரானை (நரம்பு செல்லை) பார்க்காமல் வரையப் பழகுங்கள். மூளையின் பகுதிகளை வெறும் பெயராகப் படிக்காமல் நோயாளிகளோடு சேர்த்துப் படியுங்கள். வலிப்புக்காக 1953 இல் மூளையின் இரு பக்கமும் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அறுவை சிகிச்சையில் இழந்த எச்.எம். என்ற நோயாளி, அதற்குப் பிறகு புதிதாகச் சந்தித்த யாரையும் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் வரைந்தது நினைவில்லாமலே. நினைவு என்பது ஒன்றல்ல, பல வகை என்பதை இந்த ஒரு மனிதரை வைத்தே விளக்கிவிடலாம்.

மூன்றாவது, கோச்சிங். பாடம் சொல்லித்தர ஆள் தேவையில்லை, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த உங்களுக்குப் புத்தகமே சொல்லித்தரும். தேவைப்படுவது, நீங்கள் எழுதியதைப் படித்து 'இந்த வரிக்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்கும் ஒருவர். காலாப்பட்டில் பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறை இருக்கிறது. அங்கே முதுகலை படிக்கும் அக்கா அண்ணன் யாராவது சொந்தத்திலோ பள்ளி வழியாகவோ கிடைத்தால், வாரம் இரண்டு விடைகளைத் திருத்தித் தரக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து, ஏ.பி. தளத்தில் இருக்கும் மதிப்பெண் வழிகாட்டியை வைத்து ஒருவர் தாளை ஒருவர் திருத்துங்கள். தேர்வு மையத்தையும் பதிவுத் தேதியையும் காலேஜ் போர்டு தளத்தில் இப்போதே பாருங்கள், மே மாதத் தேர்வுக்கான பதிவு முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிடும். பாட்டுப் பரிசோதனையை எழுதி முடித்ததும் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.